விளக்கின் விளிம்பில் கிராப்பி

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஜூன் பிறந்துவிட்டால் கிராப்பி என்ற மீனைப் பிடிக்கிற பலர் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். வசந்தத்தில் தண்ணீர் 60, 65 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டபோது முட்டையிடக் கரையோரப் புதர்களுக்கு வந்து, இடுப்பளவு ஆழத்தில் கூட்டமாக நின்ற மீன் இப்போது எங்கே போனது என்று தெரிவதில்லை. பகலில் வெயில் கொளுத்துகிறது. ஏரி முழுக்க வேகப்படகுகள் கிளப்பும் அலை. கோடையில் கிராப்பி கடிக்காது என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் வெள்ளைக் கிராப்பியின் உலகச் சாதனை எடையான 5 பவுண்டு 3 அவுன்ஸ் மீன் மிசிசிப்பி மாநிலத்தின் ஈனிட் அணையில் பிடிபட்டது 1957ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி. ஆண்டின் மிகச் சூடான காலம் அது. வெயில் காலத்தில் இந்த மீன் பட்டினி கிடப்பதில்லை. சாப்பிடும் நேரத்தையும் ஆழத்தையும் மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த நேரம் பெரும்பாலும் இரவு என்பதால்தான் விளக்கோடு ஏரிக்குப் போகிறார்கள். போகிறவர்களில் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் விளக்கைப் பற்றித் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பது என் கருத்து. விளக்கு கிராப்பியை அழைப்பதில்லை; கிராப்பியின் சாப்பாட்டை அழைக்கிறது. இந்த ஒன்றைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் எங்கே நங்கூரம் போடுவது, எப்போது விளக்கேற்றுவது, எவ்வளவு நேரம் அசையாமல் இருப்பது, இரையை எந்த ஆழத்தில் தொங்கவிடுவது என்ற கேள்விகளுக்கு அதிலிருந்தே விடை கிடைக்கும்.

முதலில் மீனின் உடம்பைப் பார்க்க வேண்டும். கிராப்பியில் இரண்டு இனங்கள் உண்டு. முதுகுத் துடுப்பில் ஐந்தோ ஆறோ முட்கள் இருந்தால் வெள்ளைக் கிராப்பி, ஏழோ எட்டோ இருந்தால் கறுப்புக் கிராப்பி. வெள்ளை இனம் கலங்கிய தண்ணீரைத் தாங்கும். கறுப்பு இனம் தெளிந்த தண்ணீரையும் நீர்த்தாவரங்கள் வளர்ந்த இடத்தையும் விரும்பும். இரண்டுக்கும் பொதுவானவை மூன்று. கண் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது. குறைந்த வெளிச்சத்தில் இரை தேடும் மீனுக்கு உரிய கண் அது. செவுளின் உட்புறம் சீப்புப் பல் போல நெருக்கமான, நீண்ட சல்லடை முட்கள் இருக்கின்றன. அதனால், நன்றாக வளர்ந்த பிறகும்கூட, கண்ணுக்கு எளிதில் தெரியாத மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்ன இந்த மீனால் முடிகிறது. அதே அளவுள்ள மற்ற வேட்டை மீன்கள் பல அந்தப் பழக்கத்தைச் சிறு வயதிலேயே விட்டுவிடும். மூன்றாவது, வாய். அது மேல்நோக்கித் திறக்கிறது, மேலே இருப்பதைக் கவ்வுவதற்கு. பெரிய கண், சல்லடைச் செவுள், மேல்நோக்கிய வாய் ஆகிய மூன்றும் சேர்ந்து சொல்வது இதுதான்: இருட்டில், தன் தலைக்கு மேலே திரளும் சிறு உயிர்களைக் கீழிருந்து எழும்பித் தின்பதற்கு அமைந்த மீன் இது.

அந்தச் சிறு உயிர்கள் இரவில் மேலே வருவதற்குக் காரணம் இருக்கிறது. டாஃப்னியா போன்ற மிதவை உயிரிகள் பகலில் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன்களுக்குப் பயந்து இருண்ட ஆழத்தில் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் பாசித் துகள்களைத் தின்ன மேற்பரப்புக்கு ஏறும். கேயோபோரஸ் என்ற கொசு போன்ற பூச்சியின் புழு, உடம்பு முழுக்கக் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுவது, பகலெல்லாம் அடிச்சேற்றில் புதைந்திருந்து இரவில் எழும்பும். இவற்றைத் தொடர்ந்து ஷாட், ஷைனர் போன்ற பொடி மீன்கள் வரும். எனவே விளக்கே இல்லாவிட்டாலும் ஏரியின் சாப்பாடு இரவில் மேலே நகர்ந்துதான் ஆகும். விளக்கு செய்வது அப்படிப் பரவலாக ஏறி வருவதை ஓரிடத்தில் குவிப்பது மட்டுமே. மழை விட்ட இரவில் திண்ணை விளக்கைச் சுற்றி ஈசல் மொய்ப்பதையும், சற்று நேரம் கழித்து சுவரில் பல்லி வந்து நிற்பதையும் பார்க்காதவர் இல்லை. பல்லிக்கு விளக்கோடு ஒரு வேலையும் இல்லை, ஈசலோடுதான் வேலை. தண்ணீருக்குள்ளும் இதேதான் நடக்கிறது என்பதற்கு ஆய்வுலகிலும் தொழிலிலும் சான்றுகள் உண்டு. மீன்குஞ்சுகளையும் மிதவை உயிரிகளையும் கணக்கெடுக்கும் ஆய்வாளர்கள் விளக்கு வைத்த பொறியைத்தான் இரவில் தண்ணீரில் இறக்குகிறார்கள். ஆப்பிரிக்காவின் கரீபா ஏரியில், 1967–68இல் டாங்கனீக்கா ஏரியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட கப்பெண்டா என்ற பொடி மீனைப் பிடிக்கும் தொழில் முழுவதும் இரவு விளக்கை நம்பியே நடக்கிறது. மிதவை உயிரியைத் தின்னும் மீன் விளக்கடியில் திரளும் என்பதில் ஐயமே வேண்டாம். அதைத் தின்னும் கிராப்பி அதைத் தேடி வரும் என்பது அடுத்த படி.

இந்த அடுத்த படியில்தான் இடத்தின் கணக்கு வருகிறது. மிதவை உயிரிகள் எங்கும் இருக்கும். ஷாட் கூட்டமும் ஏரி முழுக்கத் திரியும். கிராப்பி அப்படி இல்லை. அது ஒதுங்குவதற்கு மறைவு தேடும் மீன். நடு ஏரியில், வெறும் தண்ணீருக்கு மேல் எவ்வளவு பிரகாசமாக விளக்கேற்றினாலும் ஷாட் வரும், கிராப்பி வராமலே விடியும். ஆகவே பகலிலேயே கிராப்பி தங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதன் தலைமாட்டில் சாப்பாட்டைப் பரிமாறுவது போல விளக்கை வைக்க வேண்டும். கோடையில் அந்த இடத்தை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, வெப்ப அடுக்கு. ஆழமான ஏரிகளில் மேல் தண்ணீர் வெதுவெதுப்பாகவும் அடித் தண்ணீர் குளிர்ந்தும் பிரிந்துவிடும். நடுவே சில அடிகளுக்குள் வெப்பம் சட்டென்று இறங்கும். அதற்குக் கீழே பல ஏரிகளில் கோடையில் ஆக்சிஜன் போதாது. கிராப்பி அந்த வெப்பக் கோட்டுக்குச் சற்று மேலே, குளிர்ச்சியும் மூச்சும் இரண்டும் கிடைக்கிற அளவில் தொங்கிக்கொண்டிருக்கும். தென் மாநில நீர்த்தேக்கங்களில் அந்தக் கோடு 15 முதல் 25 அடிக்குள் அமைவது வழக்கம் என்றாலும் ஏரிக்கு ஏரி மாறும். சோனார் கருவியின் உணர்திறனைக் கூட்டினால் அது மங்கலான ஒரு பட்டையாகத் திரையில் தெரியும். கருவி இல்லாதவர் வெப்பமானி ஒன்றைக் கயிற்றில் கட்டி, மூன்றடிக்கு ஒருமுறை நிறுத்திப் பார்த்தால் போதும். இரண்டாவது, மறைவு. பழைய ஆற்றுப்படுகையின் விளிம்பு, பாலத்தூண், தண்ணீரில் மூழ்கிய மரம், மாநில மீன்வளத் துறைகள் வேண்டுமென்றே கட்டி இறக்கிய மரக்கிளைக் குவியல் ஆகியவற்றில் ஒன்று அந்த வெப்பக் கோட்டை எங்கே தொடுகிறதோ அங்கேதான் நங்கூரம்.

இந்த முறை எல்லா ஏரிக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கென்டக்கியின் கம்பர்லாந்து, டென்னசி எல்லையில் உள்ள டேல் ஹாலோ, அர்க்கன்சாவின் வாஷிட்டா போன்ற ஆழமான, தெளிந்த நீர்த்தேக்கங்களில் விளக்கின் ஒளி நன்றாக இறங்கும். இரவு மீன்பிடிப்புக்கு அவை ஏற்றவை. மிசிசிப்பியின் கிரெனடா, சார்டிஸ் போன்ற வெள்ளத் தடுப்பு ஏரிகள் பெரிய வெள்ளைக் கிராப்பிக்குப் பேர் போனவை. ஆனால் கலங்கல் தண்ணீரில் ஒளி சில அடிகளிலேயே செத்துவிடும் என்பதால் அங்கே விளக்கைவிட மரமும் தூணும்தான் கைகொடுக்கும். 1811–12ஆம் ஆண்டுகளின் நியூ மாட்ரிட் நிலநடுக்கங்களில் உருவான ரீல்ஃபுட் ஏரியின் சராசரி ஆழம் ஐந்தடியை ஒட்டித்தான். அங்கே வெப்ப அடுக்கு பற்றிப் பேசுவதே வீண். சைப்ரஸ் மரங்களின் அடியைத் துழாவுவதுதான் வழி.

இப்போது பழக்கப்பட்ட தூண்டிலாளர் எழுப்பும் முதல் ஆட்சேபத்துக்கு வரலாம். பகலில் கிராப்பி பிடிக்கிறவர்களின் பாடம், கொத்தாவிட்டால் இடம் மாறு என்பது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போ என்பார்கள். பகலுக்கு அது சரியான பாடம்தான், ஏனென்றால் அங்கே மனிதன் மீனைத் தேடிப் போகிறான். விளக்கடியில் மீனுக்கு வேண்டியதை ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறான்; சேர்வதற்கு நேரம் பிடிக்கும். விளக்கேற்றிய முதல் கால் மணி நேரத்தில் ஒளி வட்டத்துக்குள் வெறும் தண்ணீர்தான். பிறகு தூசி பறப்பது போல ஏதோ மிதக்கும். உற்றுப் பார்த்தால் அந்தத் தூசி துள்ளித் துள்ளி நகர்வது தெரியும். டாஃப்னியா அப்படித்தான் நீந்தும். அரை மணிக்கு மேல் வட்டத்தின் ஓரத்தில் ஒன்றிரண்டு வெள்ளி மினுக்கங்கள் வரும். ஷாட் குஞ்சுகள் விளக்கைச் சுற்றி ஒரே திசையில் வட்டமடிக்கத் தொடங்கும். வட்டம் தடிக்கும். பிறகு, ஒரு கட்டத்தில், அந்தக் கூட்டம் முழுதும் நொடியில் சிதறித் தண்ணீருக்கு மேலே துள்ளும், மறுபடி கூடும். அந்தச் சிதறல்தான் அடியில் வேட்டை மீன் வந்துவிட்டதற்கு அடையாளம். இதற்கு ஒரு மணி நேரம் ஆகலாம், கூடவும் ஆகலாம். நாற்பதாவது நிமிடத்தில் நங்கூரம் தூக்குகிறவர் சோறு வேகும் முன்பே அடுப்பை அணைத்து எழுந்துபோகிறார். ஆகையால் விளக்கை முழு இருட்டுக்குக் காத்திராமல் அந்தி மங்கும்போதே ஏற்றிவிடுவது நல்லது. மிதவை உயிரிகள் மேலேறும் நேரமும் அதுவே. படகு காற்றுக்குத் திரும்பாமல் இருக்க முன்னும் பின்னும் இரண்டு நங்கூரம் வேண்டும். படகு சுற்றினால் விளக்கும் சுற்றும், சேர்ந்த கூட்டம் கலைந்துவிடும். ஷாட் நன்றாகச் சேர்ந்து, ஒரு மணி நேரம் வட்டமடித்தும் சிதறவே இல்லையென்றால் அப்போது இடம் மாறலாம். அந்த இடத்தில் சாப்பாடு இருக்கிறது, சாப்பிட ஆளில்லை என்பது அப்போதுதான் உறுதியாகிறது.

எந்த விளக்கு, என்ன நிறம் என்பதில் கடைக்காரர்கள் காட்டும் ஆர்வம் அளவுக்கு மீறியது. இதில் இயற்பியல் இவ்வளவுதான். தண்ணீர் சிவப்பு ஒளியைச் சீக்கிரம் விழுங்கிவிடும். மிகத் தூய தண்ணீரில் நீலம் அதிக ஆழம் போகும். ஏரித் தண்ணீரிலோ மக்கிய இலைதழைகளின் கறையும் பாசியும் கலந்திருப்பதால் நீலமும் அடிபட்டு, பச்சையே அதிக தூரம் ஊடுருவுகிறது. எனவே ஒரே மின்கலத்தில் பச்சை எல்இடி மற்ற நிறங்களைவிடச் சற்றுப் பெரிய வட்டத்தை ஒளியூட்டும். பச்சைக்கு இருக்கும் மேன்மை இதுவே. கிராப்பிக்குப் பச்சை பிடிக்கும் என்பதெல்லாம் நம்பிக்கை. பச்சை விளக்கு சந்தைக்கு வருவதற்கு முன்னால் படகின் விளிம்பில் கோல்மன் எரிவாயு விளக்கைக் கொக்கியில் தொங்கவிட்டு, மஞ்சள் வெளிச்சத்திலேயே தலைமுறைகள் கூடை நிறையப் பிடித்திருக்கின்றன. மேற்பரப்பின் சில அடிகளுக்குள் பூச்சியும் மிதவை உயிரியும் கூடுவதற்கு அந்த வெளிச்சம் போதுமானதாக இருந்தது. புதிதாக வாங்குகிறவர் தண்ணீரில் அமிழ்கிற 12 வோல்ட் பச்சை எல்இடி வாங்கட்டும், மின்சாரச் செலவு குறைவு என்பதற்காக. வீட்டில் பழைய விளக்கு இருப்பவர் அதையே கொண்டுபோகட்டும்; மிச்சமாகும் பணத்தில் நல்ல நங்கூரக் கயிறு வாங்கலாம்.

இரையை எங்கே தொங்கவிடுவது என்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஷாட் கூட்டம் கண்ணுக்குத் தெரிவதால் தூண்டிலை அதன் நடுவே இறக்கத் தோன்றும். ஆயிரம் இரைகளுக்கு நடுவே ஆயிரத்தொன்றாவதாக அது தொங்கும். பெரிய கிராப்பி வெளிச்சத்துக்குள் வந்து நிற்பதில்லை. வட்டத்தின் ஓரத்தில், ஒளியும் இருளும் கலக்கும் மங்கலில், கூட்டத்துக்குக் கீழே நின்று, விலகி வரும் ஒன்றைக் கவ்வும். ஆகவே தூண்டில் விளிம்பில், கூட்டத்துக்கு அடியில், ஆனால் கிராப்பிக்கு மேலே இருக்க வேண்டும். இது மேலே பார்த்து உண்ணும் மீன் என்பதை மறக்கக் கூடாது. ஓரடி மேலே தொங்கும் இரையை எழும்பி எடுக்கும், ஓரடி கீழே இருப்பதைத் திரும்பியும் பாராது. நான்கைந்து தூண்டில் வைத்திருப்பவர் ஒன்றை 8 அடியிலும், மற்றவற்றை இரண்டிரண்டடி கூட்டி வெப்பக் கோடு வரையிலும் இறக்கி, எது முதலில் கொத்துப்படுகிறதோ அந்த ஆழத்துக்கு மற்றவற்றையும் கொண்டுவரலாம். ஒருவருக்கு எத்தனை தூண்டில் என்பதை அந்தந்த மாநில விதிதான் சொல்லும். இரைக்கு மின்னோ என்ற பொடி மீன், உயிருள்ளது, இரண்டங்குலம் இருந்தால் போதும். அதை முதுகுத் துடுப்பின் கீழே, தண்டெலும்பில் படாமல், மெல்லிய கம்பியாலான முள்ளில் குத்த வேண்டும். கனமான முள் மின்னோவைக் கொன்றுவிடும். மெல்லிய முள்ளுக்கு இன்னொரு பயன், மரக்கிளையில் சிக்கினால் இழுத்ததும் நிமிர்ந்து வெளியே வந்துவிடும். நரம்பு 4 முதல் 6 பவுண்டு இழுவை தாங்குவதாக இருக்கட்டும்.

கொத்து எப்படித் தெரியும் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம். தக்கை அமுங்கும் என்று காத்திருப்பவர் பல மீன்களை விட்டுவிடுவார். கீழிருந்து எழும்பி வந்த கிராப்பி இரையைக் கவ்விக்கொண்டு இன்னும் மேலேயே போகும். அப்போது ஈயக்குண்டின் கனம் தக்கையை விட்டு நீங்குகிறது. நேராக நின்ற தக்கை மெல்லச் சாய்ந்து தண்ணீரில் படுத்துக்கொள்ளும். தக்கை இல்லாமல் பிடிப்பவருக்கு, விறைப்பாக நின்ற நரம்பு காரணமில்லாமல் தளர்ந்து தொய்யும். படுத்த தக்கையும் தொய்ந்த நரம்பும் கொத்துதான். அந்த நொடியில் வெடுக்கென்று சுண்டக் கூடாது. இந்த மீனின் வாயோரத் தோல் காகிதம் போல மெலிந்தது. சுண்டினால் முள் கிழித்துக்கொண்டு கையோடு வந்துவிடும். தூண்டிலை ஓரடி நிதானமாக உயர்த்தினால் முள் தானே பாயும். மேலே வந்த மீனைக் கைவலையில் ஏந்தாமல் தூக்குவதும் அதே காரணத்தால் தவறு.

நிலாவைப் பற்றிய வாதம் ஓயாதது. பௌர்ணமியில் மீன் நன்றாகக் கடிக்கும் என்பார் ஒருவர், அமாவாசைதான் சிறந்தது என்பார் இன்னொருவர். விளக்கை வைத்துப் பிடிப்பவருக்கு இருட்டே நல்லது, இதில் எனக்குத் தயக்கமில்லை. நிலவொளி ஏரி முழுக்கப் பரவும்போது நம் விளக்கின் தனித்தன்மை குறைகிறது. மிதவை உயிரிகளும் வெளிச்சமான இரவில் முழுதாக மேலே வரத் தயங்கும். ஆனால் பௌர்ணமியை அடுத்த நாட்களுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. மொசாம்பிக்கின் கஹோரா பாசா நீர்த்தேக்கத்தைப் பற்றி க்லிவிச் என்ற ஆய்வாளர் 1986இல் வெளியிட்ட கட்டுரை அதை விளக்குகிறது. அந்நாட்களில் சூரியன் மறைந்து நன்றாக இருட்டிய பிறகே நிலா எழும். இருட்டை நம்பி மேலே ஏறி வந்த மிதவை உயிரிகள் திடீர் நிலவொளியில் வெட்டவெளியில் சிக்கிக்கொள்ள, மீன்கள் புகுந்து தின்று தீர்த்துவிடுகின்றன. கிராப்பி ஏரிகளில் அளந்த முடிவு இல்லை இது. இருந்தாலும் காரணமும் விளைவும் எந்த ஏரிக்கும் பொருந்தக்கூடியவை என்பதால், பௌர்ணமிக்குப் பிந்தைய மூன்று நான்கு இரவுகளில் நிலா எழும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன்பே தூண்டில்களைத் தயாராக வைத்திருக்கச் சொல்வேன். முழு நிலவு இரவிலேயே போக வேண்டியிருந்தால் பாலத்தின் அடியில் நிறுத்துங்கள். பாலத்தின் நிழல் விளக்குக்கு வேண்டிய இருட்டைத் தந்துவிடும்.

இரவில் ஏரிக்குப் போவது ஆபத்து என்ற ஆட்சேபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஆண்டறிக்கைகள் திரும்பத் திரும்பக் காட்டுவது, படகு விபத்துகளில் மூழ்கி இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் மிதவைச் சட்டை அணியாதவர்கள் என்பதை. சட்டை படகில் இருந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும்; இரவில் விழுந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் நேரம் பகலைப் போலப் பல மடங்கு. படகு ஓடும்போது இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை, பின்னே வெள்ளை. நங்கூரமிட்டு நிற்கும்போது எல்லாத் திசைக்கும் தெரியும் வெள்ளை விளக்கு உயரத்தில் எரிய வேண்டும். மீன் விளக்கு எரிகிறதே என்று இதை அணைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீருக்குள் பச்சையாக ஒளிரும் விளக்கை மட்டும் தொலைவிலிருந்து பார்க்கிற படகோட்டிக்கு அங்கே ஒரு படகு நிற்கிறதென்று எப்படித் தெரியும்? முள்ளில் இரை குத்த நெற்றியில் சிவப்பு விளக்கு அணிந்தால் இருட்டுக்குப் பழகிய கண் கெடாது.

கடைசி ஆட்சேபம் தமிழ் வாசகரிடமிருந்தே வரும். நம் கடலில் எல்இடி விளக்கு வைத்துப் பிடிப்பதை 2017 நவம்பரில் ஒன்றிய அரசு தடைசெய்தது. சிறு மீனவர்களின் பிழைப்பையும் குஞ்சு மீன்களையும் அது அழிக்கிறது என்ற புகார் நியாயமானது. அப்படியிருக்க ஏரியில் அதையே பொழுதுபோக்காகச் செய்யலாமா? கடலில் விளக்கு கூட்டிய கூட்டத்தை ராட்சத வலை ஒரே வீச்சில் அள்ளிவிடுகிறது, குஞ்சும் குளுவானும் சேர்த்து. ஏரியில் விளக்கு கூட்டினாலும் தூண்டில் ஒவ்வொன்றாகத்தான் எடுக்கிறது, நாளுக்கு இத்தனை, இந்த நீளத்துக்குமேல் என்ற வரம்புக்குள். டெக்சாஸில் பொது விதி ஒருவருக்கு நாளுக்கு 25 மீன், நீளம் குறைந்தது 10 அங்குலம். ஆனாலும் இந்த ஆட்சேபத்தில் ஓர் உண்மை ஒட்டியிருக்கிறது. விளக்கடியில் கொத்து நிற்காமல் வரும். வரம்பு நிறைந்த பிறகும் பிடித்துப் பிடித்து விடலாமே என்று தோன்றும். ஆழத்திலிருந்து வேகமாக ஏற்றப்பட்ட கிராப்பியின் காற்றுப்பை விரிந்துவிடும், விட்டாலும் பல பிழைப்பதில்லை. இதனால்தான் டெக்சாஸ், ஃபோர்க் ஏரியிலும் லேக் ஓ தி பைன்ஸிலும் மீன் ஆழத்தில் கிடக்கும் குளிர்மாதங்களுக்கென்று நீள வரம்பை நீக்கி, பிடித்ததை எல்லாம் வைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று விதி செய்தது. கோடையில் மீன் அவ்வளவு ஆழத்தில் இல்லாவிட்டாலும் மேல் தண்ணீரின் சூடு அதே கேட்டைச் செய்கிறது. வரம்பு நிறைந்ததும் தூண்டிலை மடக்குவதே சரி. அளவு குறைந்ததை விட வேண்டியிருக்கும்போது தண்ணீரை விட்டு வெளியே வைத்திருக்கும் நேரம் நொடிக்கணக்கில் இருக்க வேண்டும். அதற்காக அளவுகோல் பலகையைப் பெட்டிக்குள் வைக்காமல், நனைத்து, கைவலைக்குப் பக்கத்தில், நெற்றி விளக்கின் வெளிச்சம் விழும் இடத்தில் பதித்து வையுங்கள். மங்கலில் ஒன்பதரை அங்குலம் பத்தாகத் தெரியும். பிடித்ததை மிதக்கும் கூடையில் தொங்கவிட்டால் வெதுவெதுப்பான மேல் தண்ணீரில் விடிவதற்குள் சதை தளர்ந்துவிடும். பாதிப் பெட்டி ஐஸோடு போய், பிடித்த உடனே அதில் புதைப்பதுதான் கோடை இரவுக்கு ஏற்றது.